அம்மா ஊர்காவற்றுறையில் பிறக்கவில்லை

என் அம்மா பிறந்தது பிலிப்பைன்ஸ் நாட்டின் சமார் தீவில், கிழக்குக் கரையோரமாக உள்ள ஒரு மீன்பிடி ஊரில். நினைவு மலர் என்றால் குடும்ப விளக்கு அணைந்தது, குலவிளக்கு மறைந்தது என்று ஏதாவது உருக்கமாகத் தொடங்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும். மன்னிக்கவும், எனக்கு இந்த வரிதான் முதலில் வரவேண்டும். சென்ற ஆண்டு அம்மா இறந்தபோது வெளியான மரண அறிவித்தலில் "ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும் நோர்வே ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று இருந்தது. தமிழ் வானொலியிலும் அப்படியே வாசித்தார்கள். ஊர்காவற்றுறை இலங்கையில் அப்பாவின் ஊர். அம்மா அதைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. போர் நின்றிருந்த சமாதான காலத்தில் அப்பாவும் நானும் அங்கே போய்வந்தபோது அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை.

அடுத்த வரி இன்னும் மோசம். நம்மவர் அறிவித்தல்களில் இன்னாரின் அன்பு மகள் என்பது முதலில் வரும். பிறகுதான் மருமகள், மனைவி, தாய் என்று போகும். அம்மாவின் அறிவித்தலோ மருமகளில் தொடங்கியது. பெற்றவர்கள் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, அப்பாவைக் கலியாணம் கட்டிய அன்று வானத்திலிருந்து விழுந்தவர் மாதிரி. அம்மாவின் தந்தையார், என் அம்மப்பா, அப்போது உயிரோடு இருந்தார். இப்போதும் இருக்கிறார்.

அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் அப்பாவின் அக்கா, என் மாமி. அப்பா அன்று எதையும் வாசிக்கும் நிலையில் இல்லை, தலையாட்டிவிட்டார். எனக்கு வானொலியில் கேட்டுத்தான் தெரியவந்தது. மாமியிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"பிள்ளை, அவ எங்கட ஆள். பிலிப்பினோ எண்டு போட்டால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும். எங்கட ஊர் எண்டு போட்டது அவவுக்கு மரியாதைதானே."

இதை மாமி அன்போடுதான் சொன்னார், என் தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். வெறுப்பில் செய்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். மரியாதை என்று சொல்லி ஒருவரின் பிறப்பையே அழித்துவிட்டால் யாரோடு சண்டை பிடிப்பது? அந்தக் கோபம் ஒரு வருடமாக எனக்குள் கிடக்கிறது. துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் வந்தீர்கள், கோபத்துக்கு ஒருவரும் வரவில்லை.

இனி அம்மாவின் கதையை முறையாகச் சொல்கிறேன். அம்மா மூத்த பிள்ளை. தாயார் இளவயதிலேயே இறந்துவிட, தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டே படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். ஆசிரியச் சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை. ஒஸ்லோவில் ஒரு நோர்வேஜியக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். தன் வகுப்பறையை விட்டுவிட்டு வந்து அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பாடினார். பின்வரிசையில் புதிதாக வந்த தமிழ் அகதிகள் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் அப்பா. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழியும் பூசை நேரமும்தான். அதை வைத்துக்கொண்டு எப்படிக் காதலித்தார்கள் என்று கேட்டால் இருவருமே சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

கலியாணம் முடித்து, ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் குடியேறினார்கள். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். நான் பிறந்து சில ஆண்டுகளில் மாமி கொழும்பிலிருந்து வந்து எங்கள் இரண்டு அறை வீட்டில் தங்கினார். மாமிக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியம் பார்த்துச் சரக்குக்கறி காய்ச்சிக் கொடுத்தது அம்மாதான். தேவாலயத்தில் தமிழ்ப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார். மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, என்ன மீன் ஆகாது, எல்லாம் அவருக்குப் பாடம். அந்தக் கறியைச் சாப்பிட்டுக்கொண்டே, தொலைபேசியில் ஊருக்குக் கதைக்கும்போது, "பிலிப்பினோக்காரி பரவாயில்லாமல் சமைக்கிறாள்" என்று மாமி சொன்னதை அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பதினெட்டு வருடம் அம்மா உங்கள் எல்லோருக்கும் பிலிப்பினோக்காரிதான். பிறந்தநாள் விழாவில் பிலிப்பினோக்காரி, பூப்புனித நீராட்டு விழாவில் பிலிப்பினோக்காரி, அவர் பக்கத்தில் நின்று தமிழில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பிலிப்பினோக்காரி. செத்த அன்றுதான் எங்கட ஆள் ஆனார். உயிரோடு இருக்கும்போது ஒரு நாளைக்காவது அந்தச் சொல்லை அவர் காதில் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அம்மாதான் என்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். பனியென்றும் மழையென்றும் பார்க்கமாட்டார். மற்றத் தாய்மார் கடைக்குப் போய்விடுவார்கள். அம்மா தாழ்வாரத்தில் இருந்து என் பழைய புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டுவார். வகுப்பில் பெடியன்கள் என் மூக்கைக் காட்டிச் சப்பட்டை என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர் கேட்டும் கேளாதவர்போல இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பேச்சுப்போட்டிக்கு "எனது ஊர்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் எல்லாம், தாங்கள் ஒருநாளும் காணாத யாழ்ப்பாணத்தைப் பற்றி மனப்பாடம் செய்துவந்து பேசினார்கள். நான் சமாரைப் பற்றிப் பேசினேன். புயல் வந்தால் வள்ளங்களை எப்படி மரத்தில் கட்டுவார்கள், பாடசாலைக் கூரை பறந்தால் பிள்ளைகள் கோயிலுக்குள் எப்படிப் படிப்பார்கள் என்று அம்மா சொல்லித்தந்ததைத் தமிழில் சொன்னேன். நானும் சமாரைக் காணவில்லைத்தான். ஆனால் நடுவர்கள் எனக்கு மட்டும், தமிழ் நன்று, தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றார்கள்.

நான் அழுதுகொண்டு ரயிலேறினேன். அம்மா பையிலிருந்து ஒரு பாண் துண்டைத் தின்ன எடுத்துத் தந்துவிட்டுச் சொன்னார்: "அவைக்கு ஒரு ஊர்தான் இருக்கு. உனக்கு ரெண்டு. அதாலை எரிச்சல் போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வளர வளர அந்தப் பகிடி கசந்தது. உயர்தரப் பாடசாலையில் சமூகப் பாட ஆசிரியை, நீ பாதி தமிழ், பாதி பிலிப்பினோ, எவ்வளவு வளம் என்று வகுப்பின் முன்னால் என்னைப் பாராட்டினார். வகுப்பில் வேறு எவரையும் அவர் பாதி பாதியாக வெட்டவில்லை. நோர்வேஜியர் நான் உண்மையில் எந்த நாடு என்று கேட்பார்கள், தமிழர் நான் ஆரின் மகள் என்று கேட்பார்கள். பதிலைச் சொன்னதும் இரு தரப்பாரின் முகமும் ஒரே மாதிரித்தான் மாறும். வெள்ளைக்காரனின் இனவாதம் பற்றி மேடையில் முழங்குகிற நம்மவர் வீட்டுக்குள் என்ன கதைக்கிறார்கள் என்று பரீட்சையில் கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல புள்ளி கிடைத்தது. மனம் ஆறவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எனக்கு அம்மாமீதும் கோபம். அத்தனை சனிக்கிழமைகளையும் என் தமிழுக்குக் கொடுத்தவர், தன் தீவின் மொழியில் எனக்குப் பத்துச் சொல்கூடச் சொல்லித்தரவில்லை. அதைச் சமாருக்குக் கதைக்க வாங்கும் தொலைபேசி அட்டைக்குள் பூட்டி வைத்திருந்தார். கேட்டால், தமிழ் தெரியாவிட்டால் உன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்பார். தன்னை ஒதுக்கியதைப் பற்றி அவர் சொன்ன ஒரே குறை அதுதான் என்று இப்போது விளங்குகிறது.

புற்றுநோய் வந்து, கடைசி வாரத்தில் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. நோர்வேஜிய மொழியும் போய்விட்டது. தன் மொழியில் மட்டும் கதைத்தார். என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நினைவு தடுமாறுகிறது, பிசத்துகிறார் என்று மாமி தாதியிடம் சொன்னார். நான் சமாருக்குத் தொலைபேசி எடுத்து, அதை அம்மாவின் காதில் வைத்தேன். மறுபக்கத்தில் அம்மப்பா பேசினார். அம்மா பதில் சொன்னார், ஒரு தடவை சிரித்தார்கூட. பிசத்தல் இல்லை, ஒழுங்கான உரையாடல். அடுத்தநாள் காலையில் அம்மா இறந்தார். அவரோடு கடைசியாகக் கதைத்த மனிதரைத்தான் அறிவித்தலில் இல்லாதவர் ஆக்கினோம்.

இந்த மலருக்கும் அதே பழைய வாசகம்தான் தயாராக இருந்தது. அதைப் போட்டால் நான் எழுதமாட்டேன், பூசைக்கும் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் பொலிஸ் நிலையத்துக்குப் போய், அம்மப்பாவின் விசாவுக்குப் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

"மாமா வரட்டும். நீ உள்ளதை எழுது," என்றார்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்த தாதியருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும் எங்கள் நன்றி. அடக்கம் முடிந்தபின் ஒன்பது நாள் செபமாலை சொல்வது பிலிப்பினோ வழக்கம். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்லப்பட்டபோது, தன் சின்ன வீட்டில் கதிரைகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு எல்லோரையும் நிலத்தில் இருத்திச் செபம் சொன்ன அம்மாவின் தோழி லிண்டா அன்ரிக்குத் தனியாக நன்றி. முப்பத்தோராம் நாள் சமையலைத் தலைமேல் போட்டுச் செய்த மாமிக்கும் நன்றி. அதை நான் மறக்கவில்லை, மற்றதையும் மறக்கவில்லை.

நினைவுப் பூசையில் நீங்கள் இதை வாசிக்கும்போது, தேவாலயத்தின் முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில், இரவல் குளிர்ச்சட்டையோடு ஒரு வயோதிபர் இருப்பார். அவர்தான் அம்மாவைப் பெற்றவர். தமிழ் தெரியாது, நோர்வேஜியமும் தெரியாது. செத்தவீட்டில் பெற்றவரிடம் போய்க் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிப்பது நம்முடைய வழக்கம். அதற்கு மொழி தேவையில்லை. ஒரு வருடம் பிந்திவிட்டோம்.

மாமி, எழும்புங்கள். நீங்கள்தான் முதலில் போகவேண்டும்.