வெயிலில் வைத்த அயோடைடு

எழுபதுகளின் கடைசியில் நெல்லையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். துத்தநாக அயோடைடையும் பொட்டாசியம் அயோடைடையும் வெவ்வேறு அளவில் கலந்து, உலையில் உருக்கி, ஆறவிட்டு, எந்த வெப்பத்தில் உறைகிறது என்று குறிக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். அதுதான் என் முனைவர் பட்டம். கோட்டின் நடுப்பகுதி மட்டும் பாக்கி.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை புளியங்குடி, எலுமிச்சை வியாபாரம். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார். ஆவணிக்குள் கோட்டை முடித்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வாரக்கணக்கில் சுத்தம் செய்த துத்தநாக உப்பைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்தேன். லேபில் வைத்தால் எவனாவது திறந்துவிடுவான் என்று பயம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தபசுக் காட்சி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஜாடி காலி. மொட்டைமாடியில், மோர்மிளகாய்க்குப் பக்கத்தில், ஒரு தாம்பாளத்தில் பழுப்பாகத் தண்ணீர் நின்றது. காற்று பட்டாலே நீரை இழுத்துக் கரைந்துவிடும் உப்பு அது. வெளிச்சமும் ஆகாது.

"லேசா ஈரம் கோத்த மாதிரி இருந்துச்சு மக்கா" என்றாள் அம்மா. "உனக்குப் படிப்ப முடிக்க நாள் இல்லன்னு எல்லாரும் சொல்லுதாவ. ஒரு வெயில் பட்டா காஞ்சிரும்லான்னு வச்சேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுபடி உப்புத் தயாரிக்க ஆவணி தாண்டிவிடும் என்று சொன்னேன். அன்றுதான் அம்மா முதன்முதலாக அப்பாவை எதிர்த்துப் பேசினாள். "கல்யாணத்த தையில வச்சா என்ன கொறஞ்சு போவும்?"

"உப்புக்காக எவனாவது கல்யாணத்தத் தள்ளி வைப்பானாட்டி?" என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது. கோட்டின் அந்த நடுப்பகுதியை வேறொரு மாணவர் பிறகு வரைந்ததாகக் கேள்விப்பட்டேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், வாசிக்கத் தெரியாத அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று அப்பா போட்டிருந்தார்.

"நான் அந்த ஜாடியத் தொறக்காம இருந்தா டாக்டர்னு போட்டிருப்பாவ, என்னட்டி?"

"தொறக்காட்டியும் அதுக்கு இன்னும் நாள் ஆயிருக்கும்மா" என்றேன். உண்மையும் அதுதான். அவள் நம்பவில்லை.