கையாடல் என்ற சொல்

கையாடல் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது திண்டிவனத்தில், மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அப்பா அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்பனைச் சங்கத்தில் செயலாளர். அம்மாவின் தம்பியான என் மாமா அதே சங்கத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். விழுப்புரத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள், பெட்டியில் பணம் குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள், "உங்க ஊட்ல யாரோ கையாடல் பண்ணிட்டாங்களாமே" என்றாள். ஏதோ கையால் ஆடுகிற ஆட்டம் என்று நினைத்தேன். அதற்கு ஏன் அவள் தன் சிலேட்டை என்னிடமிருந்து நகர்த்திக்கொண்டாள் என்பதுதான் விளங்கவில்லை.

அக்காவைக் கேட்டேன். நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துத் தின்பது என்று சொல்லி, வெளியே வாயைத் திறக்காதே என்று தொடையில் கிள்ளினாள்.

அன்றிலிருந்து மாமாவின் மேல்தான் என் கண். அப்பா கிருத்திகை தவறாமல் மயிலம் மலையேறுகிறவர். அவரைச் சந்தேகிக்க முடியுமா? மாமாவோ சினிமா பார்ப்பார், விசிலடிப்பார், எனக்கு மல்லாட்டை மிட்டாய் வாங்கித் தருவார். அதற்கெல்லாம் ஏது காசு? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய தகரப்பெட்டியைத் துழாவினேன். இரண்டு சட்டையும் ஒரு சீப்பும்தான் இருந்தன. வேறெங்கோ பத்திரமாக ஒளித்திருக்கிறார் என்று சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஒரு மத்தியானம் அடுப்பங்கரையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். எதிரே மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்று கேட்டேன்.

"எனக்கு மூணு பொண்ணுங்கடா. நீ ஒண்டி ஆளு."

மாமா அடுப்பில் தணிந்திருந்த விறகை உள்ளே தள்ளினார். பிறகு, "சரிக்கா, நான்தான்னு சொல்லிடறேன்" என்றார்.

திருடன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மாமா சங்கத்தில் எழுதிக் கொடுத்தார். கோலியனூரில் அவர் பங்குக்கு இருந்த நிலத்தை விற்றுப் பணத்தைக் கட்டியதால் ஜெயிலுக்குப் போகவில்லை. வேலை மட்டும் போயிற்று. ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் எனக்கு மிட்டாய் நீட்டினார். திருட்டுக் காசு மிட்டாய் வேண்டாம் என்றேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். மாமா குறுக்கே வந்து, "கொழந்தைக்கு என்னா தெரியும், உடுக்கா" என்றார்.

அவருடைய தகரப்பெட்டியை அப்பாவே தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். நானும் கூடப் போனேன். பஸ் நகர்ந்ததும் ஜன்னலைப் பார்த்து அப்பா இரண்டு கையையும் கூப்பினார். சங்கத்துப் பணப்பெட்டிச் சாவி ஒரு நாளும் அப்பாவின் அரைஞாணை விட்டு இறங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், தன்னைவிட இளையவனை, அதுவும் ஒரு திருடனை, அப்பா ஏன் கும்பிடுகிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.