சிறு திருத்தம்

நமுனுகுல மலையடியில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் சுவரில், இலங்கையின் வரலாறு முழுவதையும் என் தாய்மாமா பன்னிரண்டு நாளில் வரைந்து முடித்தார். தொடங்கியது தைப்பொங்கலுக்கு மறுநாள். சுதந்திர தினத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. மாமா தோட்டத்தில் மருந்தடிப்பவர். கோயில் சுவரில் மயிலும் வேலும் தீட்டியதுதான் அவருடைய தகுதி. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

குளம், பௌத்தத் தாதுகோபம், கப்பல், கொடியேற்றம் எல்லாம் மேலிடம் அனுப்பிய பட்டியலின்படியே வந்தன. ராஜாவின் முகம் எப்படி இருக்கும் என்று பட்டியலில் இல்லாததால், எங்கள் கங்காணியின் முகத்தை வைத்து மீசையை மட்டும் பெரிதாக்கினார். அதன்பின் இரண்டு நாள் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி யாரையும் திட்டவில்லை.

பட்டியலின் கடைசி வரி, கொழுந்து பறிக்கும் பெண். அந்த இடத்தில் மாமா என் அம்மாவை வரைந்தார். அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தோட்டத்து ஆட்கள் பலரையும் போல அவளுக்கும் குடியுரிமை இல்லை; அதனால் அடையாள அட்டை இல்லை; அதற்கென்று படம் எடுக்கும் அவசியமும் வரவில்லை. அவள் முகம் எந்தத் தாளிலும் இல்லை. சுவரில் மட்டும் இருந்தது: ஒட்டிய கன்னம், இடது புருவத்துக்கு மேலே தழும்பு, கூடைக் கயிறு நெற்றியில் பதித்த கோடு.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை பதுளையிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். ராஜாவைப் பார்த்துத் தலையாட்டினார். பெருமை தாங்காமல் நான் ஓடிப்போய், "சேர், இது எங்கம்மா!" என்றேன்.

தலைமை ஆசிரியர் அதைச் சிங்களத்தில் சொன்னார். வந்த பதிலை மாமாவிடம் தமிழில் சொன்னார்.

"இது நாட்டோட சரித்திரமாம். வீட்டு ஆளுங்களப் போடக் கூடாதாம். சிரிச்ச மொகமா, லட்சணமா ஒரு பொண்ணப் போடச் சொல்றாரு."

"அப்ப ராஜா மூஞ்சிய மட்டும் யாருங்க சேர் பாத்தா?"

"மெதுவா பேசுய்யா. கங்காணிக்கும் வேட்டு வச்சிறாத."

இந்தப் பேச்சை அவர் மொழிபெயர்க்கவில்லை.

பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பார்த்தேன். "சுவர்ச் சித்திரம் பார்வையிடப்பட்டது. சிறு திருத்தம்" என்று ஒற்றை வரி.

அன்று மாலையே திருத்தம் நடந்தது. கன்னம் நிறைந்தது. உதடு விரிந்தது. நான் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்ப இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடுங்க மாமா" என்றேன்.

தழும்புக்குப் பக்கத்தில் வந்ததும் மாமாவின் கை நின்றது.

"ஒருக்கா நல்லாப் பாத்துக்க, புள்ள."

எதற்குப் பார்க்கச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா ஆசைப்பட்ட ஜிமிக்கியை அடுத்ததாக வரையப் போகிறார் என்ற சந்தோஷத்தில், குனிந்து மஞ்சள் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தேன்.