ஆறாவது வாய்தா

என் தகரப் பெட்டியின் அடியில், ஞானஸ்நானச் சான்றுக்கும் பென்ஷன் காகிதங்களுக்கும் கீழே, நான்காக மடித்த ஒரு முத்திரைத் தாள் கிடக்கிறது. ஒரு பக்கம் முழுக்க வக்கீல் குமாஸ்தாவின் அழகான கையெழுத்து. அடியில் என் பெயர், பெயருக்கு மேலே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இதை உட்கார்ந்து எழுத வேண்டியிருந்திருக்காது. இருபது வருஷத்துக்கு மேலாக வீடு மாறும்போதெல்லாம் அதுவும் என்னோடு மாறி வந்திருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தியபோது மறுபடியும் கையில் அகப்பட்டது.

அப்போது நான் கண்டோன்மென்டில் ஒரு முன்சீப் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். வயது முப்பத்தைந்து. வேலையில் புலி என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு. கேஸைக் கூப்பிடும்போது டவாலிச் சேவகர் வராந்தாவில் போய் நின்று வாதியின் பெயரையும் பிரதிவாதியின் பெயரையும் மூன்று மூன்று தடவை கூவுவார். ஆள் குரல் கொடுத்தால் நான் நடவடிக்கைப் புத்தகத்தில் ஆஜர் என்று எழுதுவேன். மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால் ஆஜரில்லை. புத்தகம் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். அதில் எழுதியதைச் சுரண்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அடிக்க வேண்டுமானால் பக்கத்தில் முன்சீப் கையெழுத்து வைக்க வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்த காலத்தில் ஒரு வார்த்தையைக்கூட அடித்தவனில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் முன்சீப்பை ஊரே வாய்தா முன்சீப் என்றுதான் சொல்லும். நானும் சொல்வேன், அவர் முதுகுக்குப் பின்னால். மனிதர் சோம்பேறி இல்லை. ராவெல்லாம் படித்துத் தீர்ப்பை வீட்டிலேயே முழுசாக எழுதிக் கொண்டுவந்துவிடுவார். தோல் பைக்குள் அது இருப்பது எனக்குத் தெரியும். கேஸைக் கூப்பிட்டதும் காகிதத்தை வெளியே எடுப்பார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், ஒரு தடவை ஹாலைப் பார்ப்பார், காகிதத்தை மறுபடி உள்ளே வைத்துவிட்டு நாலு வாரம் வாய்தா என்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். “எழுதினதைத் திருத்தலாம்ப்பா, வாசிச்சதைத் திருத்த முடியாதே” என்றார். பேடி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். ஒரு மனிதன் சம்பளம் வாங்குவதே முடிவு சொல்லத்தானே என்பது அன்றைக்கு என் கட்சி.

அந்தக் கோர்ட்டுக்குத்தான் சிப்பாய் சம்சாரம் வந்தாள். நாங்கள் அவளை அப்படித்தான் சொல்வோம். அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தாள், எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவள்தான். புருஷன் முதல் யுத்தத்தில் பாலம் கட்டும் பட்டாளத்தோடு பஸ்ரா பக்கம் போனவன். ஆற்றில் படகுப் பாலம் போடும்போது வெள்ளம் வந்தது. மறுநாள் கணக்கெடுத்தபோது அவனைக் காணவில்லை. செத்தான் என்று பட்டாளம் எழுதவில்லை, காணவில்லை என்றுதான் எழுதியது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம். ஏழு வருஷம் ஒருத்தனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் அவனைச் செத்தவனாக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதைக் கோர்ட்டு சொல்ல வேண்டும். கோர்ட்டு சொன்னால்தான் சாமியார் மறுபடி கோயிலில் அவளுக்குக் கல்யாண ஓலை வாசிப்பார்.

அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் காத்திருந்தார். ரொட்டி போடுகிறவர், இன்புளுயன்சாவில் பெண்சாதியைப் பறிகொடுத்தவர். வாய்தா நாளெல்லாம் கோர்ட்டுக்கு வெளியே மழைமரத்தடியில் நிற்பார், உள்ளே வரமாட்டார். கோலார் தங்கவயலில் அவருக்குக் கடை போட இடம் கிடைத்திருந்தது. அந்த வருஷம் மழை முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவள் கேட்டதெல்லாம் அதற்குள் ஒரு காகிதம்.

அவளுடைய வக்கீல் ஒரு காரியம் செய்திருந்தார். யாரைச் செத்தவன் என்று சொல்ல வேண்டுமோ அவனையே பிரதிவாதியாகப் போட்டுவிட்டார். பத்திரிகையில் நோட்டீசும் கொடுத்தாகிவிட்டது. அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி வராந்தாவில் நின்று அந்தச் சிப்பாயின் பெயரை மூன்று தடவை கூவ வேண்டியதாயிற்று. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. முதல் தடவை கூவியபோது நானும் வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவள் சிரிக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பாமல், என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு, மூன்று, நாலு என்று வாய்தா போயிற்று. நாலாவதுக்கு முந்தின நாள் டவாலி பாய் என்னிடம் வந்து, “அந்த ஆளை மட்டும் வேற யாரையாச்சும் கூப்பிடச் சொல்லுங்க சார்” என்றார். ஏன் என்று கேட்டேன். “மூணாவது வாட்டி கூப்பிடறப்போ பின்னாடி யாரோ எழுந்திரிக்கிற மாதிரி கீது” என்றார். நான் அவரைக் கேலி செய்து அனுப்பினேன். ஆனால் மறுநாள் முதல் ஒன்று என் கண்ணில் பட ஆரம்பித்தது. ஹாலின் கடைசியில் ஜன்னலோரமாக ஒரு நீள பெஞ்சு உண்டு. கோர்ட்டில் எப்போதும் சந்தைக் கூட்டம், உட்கார இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நிற்பார்கள். அன்றைக்கும் நின்றார்கள். பெஞ்சிலோ, ஜன்னல் பக்கத்து மூலையில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்திருந்தாரே தவிர அந்த இடத்துக்கு நகரவில்லை. அவளுடைய கேஸ் முடிந்து அவள் வெளியே போன பிறகுதான் யாரோ ஒருவர் போய் அங்கே சாதாரணமாக உட்கார்ந்தார். தற்செயல் என்று நினைத்தேன். ஐந்தாவது வாய்தாவிலும் அப்படியே நடந்தது.

ஆறாவது வாய்தா நல்ல மழைநாளில் வந்தது. பட்டப்பகலிலேயே ஹாலில் விளக்கேற்றியிருந்தார்கள். மரத்தடியில் ரொட்டிக்காரர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். இன்றைக்கு வாசித்துவிடுவேன் என்று முன்சீப் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தும் வைத்துவிட்டார். டவாலி அவள் பெயரைக் கூவினார், அவள் குரல் கொடுத்தாள், எழுதினேன். பிறகு சிப்பாயின் பெயர். ஒன்று. இரண்டு. மூன்று. நான் தலை குனிந்தபடி எழுதி, மையொற்றும் தாளை எடுத்து ஒற்றினேன். ஒற்றின பிறகுதான் எழுதியதைப் படித்தேன். பிரதிவாதி ஆஜர்.

எதற்காக அப்படி எழுதினேன் என்று அன்றிலிருந்து இன்றுவரை ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். அன்று காலையிலிருந்து வந்த அத்தனை கேஸிலும் எல்லாரும் ஆஜர். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் ஒரு குரல் கேட்டதாகவும் எனக்கு ஞாபகம். ஜன்னல் பக்கத்திலிருந்து, பட்டாளத்துக்காரன் சொல்வது போல ஒரே வார்த்தை, தொண்டை கட்டின குரலில். குரல் கேட்டு எழுதினேனா, எழுதிவிட்டதால் குரல் கேட்டதாக மனசு கட்டிக்கொண்டதா, தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது டவாலி ஒன்றும் நடக்காதது போல நின்றார். அவள் மட்டும் முதல் தடவையாகத் திரும்பி, கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்சீப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தப்பாக எழுதிவிட்டேன், அடித்துவிடுகிறேன், ஒரு கையெழுத்து வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஆஜர்னு எழுதியிருக்கு. ஆஜரான ஆளைச் செத்தவன்னு நான் எப்படி வாசிக்கிறது?” என்றார். வக்கீல் எழுந்து கத்திப் பார்த்தார். கடைசியில் முன்சீப் ஒரு வழி சொன்னார். அன்றைக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை, கவனப் பிசகாக எழுதிவிட்டேன் என்று நான் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அடித்துவிடலாம். அதற்கு நாலு வாரம் வாய்தா.

வெளியே வராந்தாவில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். “உங்களுக்கும் கேட்டுதா ஐயா? மழைக்காலம் வந்தா அவருக்கு எப்பவும் தொண்டை கட்டிக்கும்.” குரல் எப்படியிருந்தது என்று நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஒரு படி கீழே இறங்கி, மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தவரைக் காட்டினாள். “எனக்கும் கேட்டுது. இருந்தாலும் கேக்கலைன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஒன்பது வருஷம் அவரோடவே இருந்துட்டேன், போதும். எனக்கு இவரோட போகணும் ஐயா.” அவள் அழவில்லை. கணக்காய்ப் பேசினாள், கடையில் சாமான் கேட்பது போல.

மறுநாளே வக்கீல் குமாஸ்தா அந்தத் தாளை எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போட அரை நிமிஷம் ஆகும். எனக்குப் பொய்ச் சத்தியம் சாவான பாவம் என்று சின்ன வயதிலேயே ஊட்டி வளர்த்திருந்தார்கள். கேட்டது என்றும் சத்தியம் செய்ய முடியாது, கேட்கவில்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. சாமியாரைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் காய்ச்சல். அப்புறம் கோர்ட்டு லீவு. முன்சீப்பைப் பேடி என்று திட்டின வாய் இது. தினமும் காலையில் தாளை விரிப்பேன், பேனாவை மையில் தோய்ப்பேன், நாளைக்கு என்று மடித்துவிடுவேன். அதற்குள் மழை விட்டுவிட்டது.

வாய்தா நாள் வந்தது. மரத்தடியில் யாரும் இல்லை. ரொட்டிக்காரர் அதற்கு நாலு நாள் முன்பே ரயிலேறிவிட்டார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. டவாலி அவள் பெயரை மூன்று தடவை கூவினார். பதிலில்லை, அவள் வக்கீலும் வரவில்லை. வாதியே வராவிட்டால் கேஸ் தள்ளுபடி. அதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. நான் பார்த்தவரையில் வாய்தா கொடுக்காமல் எங்கள் முன்சீப் உடனே சொன்ன தீர்ப்பு அது ஒன்றுதான். தாள் என் கோட்டுப் பைக்குள் அப்படியே இருந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ஜன்னலோரம்வரை இடைவெளியில்லாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் முன்சீப்புக்கு மாற்றலாயிற்று. மூட்டை கட்டும் நாளில் உதவிக்குப் போயிருந்தேன். புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “நீ ஒரு நாள் காதால கேட்டே. நான் அஞ்சு வாய்தாவா அந்த ஆளைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவனை வச்சுக்கிட்டு எப்படிப்பா வாசிக்கிறது?” அவர் தன் பலவீனத்துக்குச் சாக்குத் தேடுகிறார் என்று அன்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன், இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அல்சூர் கடைத்தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் வந்துகொண்டிருந்தாள், தலை நரைத்திருந்தது. குடையைத் தனக்கு நேராகப் பிடிக்காமல் வலது பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தாள். அவளுடைய இடது தோள் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே வலது பக்கம் யாருமில்லை. ஆனால் எதிரே வந்தவர்கள் அந்த இடத்தையும் விட்டுத்தான் ஒதுங்கிப் போனார்கள். என்னை அடையாளம் தெரிந்து நின்றாள். பக்கத்துக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்து, “இந்த ஐயாதாங்க, நீங்க வந்ததை எழுதினவர்” என்றாள். பிறகு என்னிடம், “கோர்ட்டே எழுதிடுச்சு, அப்புறம் நான் எங்க போறது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன்.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு பூசையில் இறந்தவர்கள் பெயரை வாசித்தபோது கேட்டேன். சிப்பாயின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்று வாசித்தார்கள். விதவை என்று வாசிக்கவில்லை. கோயிலில் இருந்த அத்தனை பேரிலும் அந்த வித்தியாசம் என் ஒருவனுக்குத்தான் உறைத்திருக்கும்.

வெள்ளையடித்து முடிந்து சாமான்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது மருமகள் அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். “கையெழுத்தே இல்லையே மாமா, இது எதுக்கு? அடுப்புல போட்டுடட்டுமா?” என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். மை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறதே தவிர, அன்று யாரும் குரல் கொடுக்கவில்லை என்ற வரி இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. பேனாவும் பக்கத்து மேஜையிலேயே இருந்தது. “இருக்கட்டும்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றேன்.