புளியந்தோப்பில் பாடாத பாட்டு

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த, துறைமுகச் சரக்குகளுக்கான கிளியரிங் அலுவலகத்துக்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். அந்தக் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மக்கள் பாடல் குழு, ஞாயிறு மாலை, இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, குரல் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தது. 'உனக்கு ஆம்பளக் குரல், மத்தவங்களோட கலக்கல' என்று மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து என்னை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாளில் இருந்த அந்தக் கடைசி வரிக்காகவே போனேன்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. காலடிப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இருபது பேர் இருந்தோம். ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் சிலர். குழுவை நடத்தியவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர். எல்லோருக்கும் அவர் சார். ஞாயிறு தவறாமல் அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த இருபது பேரில் கையில் காய்ப்பு இருந்தவர் ஒருவர்தான். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். வீடு புளியந்தோப்பு குடியிருப்பில். சாவு வீடுகளில் கானா பாடுவார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். நாங்கள் பாடிய பாட்டுகளில் பாதி அவர் வாயிலிருந்து சார் டேப் ரிக்கார்டரில் பிடித்தவை. அவரே கட்டிய பாட்டும் ஒன்று இருந்தது. ஆலையில் அடிபட்டு இறந்த நண்பனுக்காக, அவன் மனைவி பாடுவதுபோல் கட்டியது.

*ஊதுது சங்கு கம்பெனி கேட்டுல*
*உன் செருப்பு மட்டும் கீது வூட்டுல*

முதல் தடவை அவர் அதைப் பாடியபோது வகுப்பறையில் யாரும் அசையவில்லை. அடுத்த ஞாயிறு சார் அந்தப் பாட்டைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'உன் காலணி மட்டும் இருக்குது வீட்டிலே' என்று மாறியிருந்தது.

"மேடையில 'கீது'ன்னா சிரிச்சிடுவாங்க. சினிமா காமெடிதான் ஞாபகம் வரும்" என்றார் சார்.

"அங்க ஒருத்தி அழுதுகினு கீறா சார். அதுல சிரிக்க இன்னா கீது?" என்று அண்ணன் கேட்டார்.

அண்ணன் கேட்டது சரி என்றுதான் எனக்குப் பட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவரே, "செரி சார், படிச்சவரு நீங்க சொல்றீங்க" என்று தாளை வாங்கிக்கொண்டார். ஆனால் பாடும்போது நாக்கு பழைய இடத்துக்கே போகும். இரண்டு மாதம் பொறுத்த சார், அவரைப் பின்வரிசைக்கு மாற்றி, கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னார்.

ஒருநாள் அவரோடு பஸ் ஸ்டாப் வரை போனபோது, "உங்களுக்குக் கோபம் வரலையா அண்ணே?" என்று கேட்டேன்.

"நான் கட்டுன பாட்ட இருவது பேரு நின்னு பாடுறாங்கம்மா. எங்க தெருவுல போய்க் கேளு, யாருக்கு இது கெடச்சிருக்கு?" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் நகரத்தின் தென்பக்கம் ஒரு பெரிய அரங்கில் பாட எங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை. அன்று காலை அலுவலகத்துக்கு சார் போன் செய்தார். அண்ணன் விடியற்காலையில் மார்வலி வந்து போய்விட்டார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். எங்கள் வேன் கிளம்புவதும் மூன்று மணிக்கு.

வேன் அருகே எல்லோரும் கூடினோம். சாரின் கண்கள் சிவந்திருந்தன. "நிகழ்ச்சிய நிறுத்த முடியாது. அவர் பாட்டையே அவருக்கு அஞ்சலியா பாடிடுவோம். நாளைக்கு எல்லாரும் அவர் வீட்டுக்குப் போகலாம்" என்றார். யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்களும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். பிறகு சார் என் பக்கம் திரும்பி, "அந்தப் பாட்டுக்கு நீங்க முன்னால நில்லுங்க. உங்க குரல்தான் தாங்கும்" என்றார்.

ஒரு வருடமாக நான் எதிர்பார்த்திருந்த சொல் அது. வேனில் ஏறினேன்.

மேடையில் சார் அண்ணனைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். தொழிலாளத் தோழர் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நான் பாடினேன். காலணி என்றே பாடினேன், இருக்குது என்றே பாடினேன், ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாக இருந்தது.

மறுநாள் புளியந்தோப்புக்குப் போனது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஏதேதோ வேலை. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ அந்தப் பாட்டு கோஷ்டியாம்மா?"

தலையாட்டினேன்.

"மூணு மணிக்கே எடுக்கணும்னாங்கோ. நான்தான் உடல. உங்க ஆளுங்க வருவாங்கோன்னு நாலரை வரைக்கும் வெச்சிகினு இருந்தேன். நான் செத்தா இருவது பேரு வரிசையா நின்னு பாடுவாங்கடின்னு சொல்லிகினே இருப்பாரு." அவர் குரலில் கோபமே இல்லை. "பஸ்ஸு எதுனா கெடைக்கலியா?"

"ஆமாக்கா, கெடைக்கல" என்றேன்.

இதை அடுத்த பயிற்சியில் சொன்னேன், நான் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டு. சார் அழுதார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் குழு முழுதும் போய் அந்தப் பாட்டைப் பாடுவது என்று முடிவானது. ஒன்பது பேர் வந்தோம். வாசலில் வரிசையாக நின்று சார் கையை உயர்த்தும்போது அவர் மனைவி வெளியே வந்தார்.

"இன்னா, பாடப் போறீங்களா?"

"ஆமாம்மா. அவரோட பாட்டுதான்."

"வேணாம் சார். உள்ள வந்து குந்துங்க. சாப்ட்டுப் போங்க."

இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பார் வேண்டுமா என்று அவரே ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு ஊற்றினார்.

வெளியே வந்ததும், தெருமுனையில் நின்று சார் அடுத்த மாத நிகழ்ச்சிக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாட்டை இன்னும் ஒரு வருடம் முன்வரிசையில் நின்று பாடினேன். பிறகு நிறுத்தியதற்குக்கூட அண்ணன் காரணமில்லை. எங்கள் அலுவலகம் அம்பத்தூருக்கு மாறிப்போனது, ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருக்கலாம் என்று தோன்றியது.