சந்தையில் வாங்கிய வாக்குமூலம்

என் வேலைக்குப் பெயர் பாராலீகல். வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. "வக்கீல் ஆபீஸ்ல வேலை" என்று மாமியார் தெருவில் சொல்லி வைக்க, வாடகைத் தகராறு, மருமகள் தகராறு என்று அக்கம்பக்கமே என்னைப் பிடித்துக்கொண்டது. நான் படித்தது பி.காம். பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தேன். கட்சிக்காரர்களிடமும் சாட்சிகளிடமும் பேசி, நடந்ததை விசாரித்து, எழுதி வக்கீல் சாரிடம் கொடுக்க வேண்டும். பேசுவதற்குச் சம்பளமா என்று சிரித்துக்கொண்டுதான் சேர்ந்தேன்.

அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. பல்லாவரம் பக்கம் ஒரு தோல் பை கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் வலது கை பிரஸ் மெஷினில் சிக்கி விரல்கள் நசுங்கிவிட்டன. மெஷினின் பாதுகாப்பு மூடியை அவளேதான் கழற்றினாள் என்றது கம்பெனி. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர்தான் கழற்றச் சொன்னார் என்றாள் அவள். அதை நிரூபித்தால் நஷ்ட ஈடு. இல்லையென்றால் நசுங்கிய கைதான் மிச்சம்.

அனகாபுத்தூரில் அவள் வீட்டுக்குப் போய், வரிசையாக எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். சூப்பர்வைசர்தானே சொன்னார்? ஆமாம். நீங்களாகக் கழற்றவில்லைதானே? இல்லை. பெருமையாக அதைத் தட்டச்சு செய்து சாரிடம் நீட்டினேன். அவர் ஒரு பக்கம்கூட முழுசாகப் படிக்கவில்லை.

"இது அவங்க வாக்குமூலம் இல்லம்மா, உன்னோட வாக்குமூலம். அவங்க தலையை மட்டும் ஆட்டியிருக்காங்க" என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான், அதனால் கோபம் இன்னும் கூடியது. பேருந்தில் வீடு திரும்பும்போது யோசித்தேன். போன வாரம் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்கே ஒன்றும் ஞாபகம் வராது. கரண்ட் போனது, மாவு புளித்தது, பையனுக்குக் காய்ச்சல் அடித்தது என்று பிடித்துக்கொண்டு போனால் எல்லாம் வரும். மறுபடியும் அனகாபுத்தூர் போனேன். கேள்வித்தாளை எடுக்காமல், "அன்னைக்கு என்ன சமையல்?" என்று ஆரம்பித்தேன்.

எலுமிச்சை சாதம். பக்கத்து மெஷின் அக்கா கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தாள். எப்போதும்போல இரண்டு பேரும் டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். கைகூடக் கழுவவில்லை, அதற்குள் சூப்பர்வைசர் வந்து கத்தினார். அவள் சொல்லி நிறுத்தியதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கேள்வி நாக்கு நுனியில் அரித்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "மூடியைக் கழட்டுன்னு சொன்னப்ப அந்தக்காவும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க" என்றாள். சாட்சி கிடைத்துவிட்டது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அக்காவைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கம்பெனி வாசலில் கேமரா, வாட்ச்மேன். அவள் இருந்த சந்தில் பாதிப் பேர் அதே கம்பெனி. வீட்டுக்காரர் கிடையாது, இரண்டு பெண் பிள்ளைகள், அந்த ஒரு சம்பளம். கட்சிக்காரப் பெண்ணிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரச் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் ஒரு துணிக்குவியல் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போவதற்கு முன் சாரிடம் கேட்டேன், அவள் பயப்படுகிறாளே, என்ன சொல்லட்டும் என்று. அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். "உங்க பேரு இந்த ஆபீஸைத் தாண்டாது. கோர்ட்டுக்குக் கூப்பிடறதா இருந்தா முதல்ல உங்களைக் கேட்டுட்டுத்தான் கூப்பிடுவோம். இப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். பிளவுஸ் பிட்டுகளைப் புரட்டிக்கொண்டே, கடைக்காரரிடம் நடுநடுவே பேரம் பேசிக்கொண்டே சொன்னேன். அவள் ஒரு மஞ்சள் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மெய்யாலுமே வெளிய வராதா கண்ணு? எனக்கு இத்த வுட்டா வேற வேலை கெடையாது."

"வராதுக்கா. நான் சொல்றேன் இல்ல."

அவளிடமும் "அன்னைக்கு என்ன சமையல்?" என்றுதான் ஆரம்பித்தேன். அவள் சொன்னாள். சூப்பர்வைசர் என்ன சொன்னார், எப்படிக் கத்தினார், அடிபட்ட பிறகு மூடியை யார் திரும்ப மாட்டியது, எல்லாம் சொன்னாள். "அவ கையப் பாத்தா எனக்கு சோறு எறங்கல" என்று முடித்தாள். அலுவலகத்துக்கு வந்து ஒரு சொல் விடாமல் எழுதிக் கொடுத்தேன். சார் இந்த முறை கடைசி வரி வரை படித்தார். "கத்துக்கிட்டியே!" என்றார். அன்று வீட்டில் கேசரி கிளறினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதமே வழக்கு சமரசத்தில் முடிந்தது. கட்சிக்காரப் பெண்ணுக்கு நல்ல தொகை. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். கம்பெனி தரப்பு வக்கீலும் வந்திருந்தார். கோர்ட்டில் எதிரெதிரே நிற்பவர்கள் வெளியே ஒரே கடையில் டீ குடிப்பது வக்கீல்கள் வழக்கம், அதில் எனக்கு வியப்பில்லை. அவர் என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்.

"ஓ, அந்தச் சந்தை மேடம் நீங்கதானா? பிளவுஸ் பிட்டுக்குப் பேரம் பேசிக்கிட்டே சாட்சியைப் பிடிச்சீங்களாமே! பிரமாதம் மேடம்!"

சந்தை விஷயம் எனக்கும் அந்த அக்காவுக்கும் சாருக்கும் மட்டும்தான் தெரியும். கையில் லட்டு. ஒன்றும் கேட்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அனகாபுத்தூரில் பலித்தது இங்கேயும் பலித்தது. மௌனம் தாங்காமல் அவரே தொடர்ந்தார்.

"உங்க சார் அந்தம்மா பேரைச் சொன்னதுமே எங்க ஆளு இறங்கி வந்துட்டாரு. ஆனா பாவம், அந்தம்மாவை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

சாரின் அறைக்குள் போனேன். கட்சிக்காரப் பெண்ணும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டேன், ஏன் சார் சொன்னீர்கள் என்று.

"கேஸ் ஜெயிச்சுதா இல்லையா? இழுத்திருந்தா இவங்களுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் தெரியுமா? நம்ம கட்சிக்காரங்க இவங்க. அந்தம்மா இல்ல."

"நீங்கதானே சார் அப்படிச் சொல்லச் சொன்னீங்க?"

"சொல்லலைன்னா அவங்க பேசியிருப்பாங்களா? இவங்களையும் கேட்டுட்டுத்தான் பேரைச் சொன்னேன்."

திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் லட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்காவோடு தினமும் டப்பா மாற்றித் தின்றவள். என்னை முட்டாளாக்கியவர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் வந்த கோபம் பெரியது. மறு நொடியே அந்தக் கட்டுப் போட்ட கை கண்ணில் பட்டது, அவள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. சார்மீது அந்தத் தடையெல்லாம் இல்லை. என் குரலை, என் முகத்தை, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட ஒரே வித்தையை என்னைக் கேட்காமலே விற்றுவிட்டார். லட்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

அக்காவின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் போனேன். அதே துணிக்கடைப் பக்கம், கையில் காலிப் பையோடு நின்றிருந்தாள். நான் கிட்டே போவதற்குள் அவளே பார்த்துவிட்டாள்.

"வா மேடம். இன்னிக்கு இன்னா சமையல்னு கேக்க வந்தியா?"

அன்று கண்ணு. இன்று மேடம். நான் தலையைக் குனிந்தேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மௌனத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

"நான் இல்லக்கா. சார்தான் சொல்லிட்டாரு. என்னையும் ஏமாத்திட்டாரு" என்றேன். என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உன் சாரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல மேடம்" என்றாள். "உன் மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன்."