பூரணியின் பம்பு ஸ்டவ்

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பிராவில் ஆயம்மாவாக இருந்தவள் பூரணி. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இருக்கிற பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது கொஞ்சமும் மிச்சம் இருக்காது.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஆடி மழையில் விறகு முழுவதும் ஊறிப்போயிருந்தது. ஊதி ஊதி அவள் கண்கள் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிவிட்டு, "புகையில நிக்கக்கூடாது" என்றார்கள். குசினியில் நிற்காமல் சோறு எப்படி ஆக்குவது என்று அவர்கள் சொல்லவில்லை. சீட்டு விழுந்த கையோடு அட்டன் டவுனுக்குப் போய், யாரோ கடையில் விற்றுவிட்டுப் போயிருந்த ஒரு பழைய பித்தளை மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ்வை வாங்கி வந்தாள்.

ஐப்பசிக்குள் அது படுத்துவிட்டது. பம்பை எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே காற்று ஏறவில்லை. டவுனில் பழுது பார்க்கிறவனிடம் கொடுத்தாள். அவன் பல வாரம் வைத்திருந்து, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்தான். காற்று மட்டும் ஏறவே இல்லை. அடுத்த காம்பிரா செல்லசாமி, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இஞ்சினோடு வேலை செய்கிறவர். "நாளைக்குப் பாக்குறேன் தங்கச்சி" என்று எப்போது கேட்டாலும் சொல்வார்.

புருஷன் பழனியாண்டிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "வெறகுதான் குமிஞ்சு கெடக்கே புள்ள. எங்க ஆத்தா ஸ்டவ்வுலயா ஆக்குச்சு?"

"பொகையில நிக்கிறது நானு. பேசுறது மட்டும் நீங்க," என்றாள் பூரணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் டவுனுக்குக் கிளம்பியதும், வாசல் திண்ணை இஸ்தோப்பில் சாக்கை விரித்து ஸ்டவ்வைக் கழற்றினாள். பம்புத் தண்டின் நுனியில் இருந்த தோல் வாசர் காய்ந்து சுருண்டு கிடந்தது. தேங்காயெண்ணெயில் ஊறவைத்து விரலால் விரித்தாள். சட்டென்று கிழிந்துவிட்டது. பிள்ளைக்காம்பிராவில் என்றால் அழவாவது யாராவது இருப்பார்கள். இங்கே அதுவும் அவளே செய்ய வேண்டியிருந்தது, செய்யவில்லை. புருஷனின் அறுந்த இடுப்பு வாரிலிருந்து ஒரு வட்டம் வெட்டினாள். தடிமனாக இருந்ததால் குழாய்க்குள் போகவில்லை. சீவுவதற்கு வீட்டில் கூரான கத்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பழனியாண்டி தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி. அதை எடுத்துக் கல்லின்மேல் வைத்து வைத்துச் சீவினாள்.

வாசர் உட்கார்ந்தது. அழுத்தினால் பம்பு கையை எதிர்த்துத் தள்ளியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பற்றவைத்தாள். ஒரு பக்கம் மட்டும் நூல்போல் எரிந்து, சீறி, அணைந்தது. எண்ணெய் வரும் நிப்பிளின் துவாரத்தில் கரி அடைத்திருந்தது. ஸ்டவ் பின்னை விட்டுக் குத்தினாள். பின்னின் நுனி உள்ளேயே ஒடிந்து நின்றது. கையில் மிஞ்சிய தகரப் பிடியைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் வீசி எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழனியாண்டி வந்தான். கத்தியைத்தான் முதலில் பார்த்தான்.

"இதென்ன, வாயெல்லாம் மழுங்கிக் கெடக்கு? நாளைக்கு மலையில பல்லால கவ்வாத்து வெட்டவா?"

"தீட்டிக்கலாங்க."

"ஒனக்கு ஏன் புள்ள இந்த வேல? தெரிஞ்சவன்கிட்ட குடுக்க வேண்டியதுதானே."

"குடுத்தேனே. தெரிஞ்சவன் தேய்ச்சுக் குடுத்தான்."

பேச்சை அதோடு விட்டுவிட்டு நேராகச் செல்லசாமியின் வாசலுக்குப் போனாள். "நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே. நிப்பிளு கழட்டுற சாவி இருந்தாக் குடுங்க."

அவர் சாவியைக் கொடுத்தார். தானே வந்து கழற்றித் தருவதாகவும் சொன்னார். "வேணாண்ணே. நீங்க வர்றதுக்குள்ள பொழுது போயிரும்," என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நிப்பிளைக் கழற்றி, கீழ்ப்பக்கமாகத் தையல் ஊசியை விட்டு நெம்பினாள். ஒடிந்த கம்பி வெளியே வந்தது. கூடவே துவாரமும் பெருத்துப்போனது. இந்தத் தடவை ஸ்டவ் எரிந்தது. ஆனால் நீலமாக இல்லை. மஞ்சளாக, உயரமாக, இரைச்சலோடு. மேலே வைத்த கேத்தலின் அடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. வாசலில் பழனியாண்டி முனகிக்கொண்டே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

"மண்ணெண்ண வாசம் அடிக்குது."

"குடிக்கிறதுன்னா குடிங்க. இல்லாட்டி வெறகு இருக்கு, ஊதிப் போட்டுக்கங்க."

அவன் குடித்தான்.

அந்த ஸ்டவ் அப்படியே கரியும் இரைச்சலுமாக எரிந்துகொண்டிருந்தது. தேத்தண்ணிக்கும் பாலுக்கும் ஆகும். சோற்றுக்கு மறுபடி விறகுதான், மறுபடி புகைதான். காலையில் கேத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் பூரணிக்கு அந்த ஊசியின்மேல் ஆத்திரம் வரும். அட்டனுக்குப் போனால் ஒரு கடை விடாமல் புது நிப்பிள் கேட்பாள். சாமான் கப்பலில் வரவேண்டும் என்பார்கள். "எந்தக் கப்பல்ல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.